கபெஸ்தேர்-பெல்-ஓ: வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீடு

கடலில் குளித்து மணலில் படுத்திருக்கத்தான் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறீர்கள் என்றால் இந்த வீட்டை எடுக்க வேண்டாம். அதற்குக் கிழக்குப் பாதியான கிராந்-தேர் பக்கம் லெ கோசியே, சேந்த்-ஆன், சேன்-ஃப்ரான்சுவா என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. வெள்ளை மணல், ஓட்டல், நீச்சல்குளம் எல்லாம் அங்கேதான். இது மேற்குப் பாதியான பாஸ்-தேரின் கிழக்குச் சரிவில், கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்கு மேலே இருக்கும் ஒரு ஜீத். சொந்தக்காரர் தன் மனையிலேயே சமையலறையோடு தனியாகக் கட்டி வாடகைக்கு விடும் சின்ன வீட்டை பிரான்சில் அப்படித்தான் சொல்கிறோம். நான், என் வீட்டுக்காரர், அத்தை மூன்று பேரும் பிப்ரவரியில் போய்த் தங்கினோம். இரவுக்கு 80 யூரோ. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பூர்வீகம் காரைக்கால். இருப்பது பாரிஸ் பக்கம். நம் குடும்பங்கள் நிறைய பேர் லீவுக்கு எங்கெங்கோ போகிறார்கள், குவாதலூப் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் பயண விஷயம். பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் அடையாள அட்டையே போதும், இறங்கினால் யூரோ, போஸ்டாபீஸ் மஞ்சள் நிறம், கையிலிருக்கும் சிம் அப்படியே வேலை செய்யும். மாவட்ட எண் 971. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குவாதலூப் பிரான்ஸ்தான், ஐரோப்பிய யூனியனும்தான், ஆனால் ஷெங்கன் என்ற பொது விசா எல்லைக்குள் இல்லை. ஊரிலிருந்து டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஷெங்கன் விசா மட்டும் செல்லாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லும் என்று விசாவிலேயே எழுதி வாங்க வேண்டும். அத்தைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

கார் இல்லாமல் இந்த வீட்டுக்குப் போக நினைக்காதீர்கள். பஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். காலையில் எதிர்த்திசையில் வர நேர்ந்தால் அதுவே இரண்டு மடங்காகும், ஏனென்றால் தீவின் வேலைகளில் பெரிய பங்கு ஜாரி என்ற ஒரே தொழிற்பேட்டையில் குவிந்திருக்கிறது. தலைநகரம் தெற்கே பாஸ்-தேர் பட்டணம். பாரிசிலிருந்து நியமிக்கப்படும் ப்ரெஃபே என்ற அரசுப் பிரதிநிதி உட்கார்ந்திருப்பது அங்கே. துறைமுகமும் வியாபாரமும் புவாந்த்-ஆ-பித்ர் பக்கம். கபெஸ்தேர் இரண்டுக்கும் நடுவழியில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கவும் வசதி.

வரைபடத்தில் குவாதலூப் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்கு இறக்கை கிராந்-தேர்: சுண்ணாம்புக்கல் பூமி, தட்டை, கரும்பு. மேற்கு இறக்கை பாஸ்-தேர்: எரிமலை பூமி, மலை, காடு. நடுவே ரிவியேர் சலே என்ற ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய்; பாலத்தில் கவனிக்காமல் போனால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு வந்துவிட்டதே தெரியாது. அட்லாண்டிக் காற்று கிழக்கிலிருந்து வந்து முட்டுவது பாஸ்-தேர் மலையில். அதன் உச்சி சூஃப்ரியேர் எரிமலை, 1,467 மீட்டர். அங்கே வருஷத்துக்குச் சுமார் பத்து மீட்டர் மழை கொட்டுகிறது. நம் வீடு அந்தச் சரிவின் அடியில். ஆகவே வறண்ட காலம் என்று அவர்கள் சொல்லும் பிப்ரவரியிலும் தினம் மழை. வரும், கால் மணி நேரம் தகரக் கூரையை அதிர வைக்கும், நின்றுவிடும், உடனே வெயில். துணி காயப்போடும் கொடியைத் திண்ணைக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள், அதுவே எவ்வளவோ உபயோகமாக இருந்தது.

வீடு சின்னது. இரண்டு படுக்கை அறை, ஒரு சமையலறை, முன்னால் அகலமான திண்ணை. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரப்பலகைச் சாய்தட்டிதான். காற்று ஊடே வீசிக்கொண்டே இருப்பதால் ஏசி இல்லாத குறை தெரியவில்லை. கொசுவலை கிழிசல் இல்லாமல் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தால் கீழே வாழைத் தோட்டம், குலை ஒவ்வொன்றுக்கும் நீலப் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கும், அதற்கு அப்பால் கடல், கடலில் மரி-கலாந்த் தீவு தட்டையாகவும் லே சேந்த் தீவுகள் குன்றுகளாகவும் தெரியும். மழை கழுவிவிட்ட காலையில் தெற்கே தொமினிக் நாட்டு மலைகளும் தெரிந்தன. ராத்திரி முழுக்கச் சின்னஞ்சிறு மரத்தவளைகள் கத்தும். முதல் நாள் தூங்க முடியாது, மூன்றாம் நாள் அது இல்லாமல் தூக்கம் வராது. பாம்பு பயம் வேண்டாம். குவாதலூப்பில் விஷப்பாம்பு கிடையாது.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அறுபது தாண்டியவர். பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருடைய குடும்பப் பெயர் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர், எழுத்து மட்டும் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி. தமிழ் ஒரு வார்த்தை பேச வராது. அந்தத் தீவு மொழியான கிரியோலும் பிரெஞ்சும்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேசைமேல் ஒரு கோப்பு வைத்திருப்பார். மற்ற இடங்களில் இப்படி வைக்கும் கோப்பில் வைஃபை பாஸ்வேர்டும் பீட்சா கடை நம்பரும் இருக்கும். இவர் கையால் எழுதி வைத்திருப்பது வேறு. முதல் பக்கம் தண்ணீர். இரண்டாம் பக்கம் மண். மூன்றாம் பக்கம் கடல். நான் இந்த வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதற்கு அந்த மூன்று பக்கங்கள்தான் காரணம்.

தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன். தீவிலேயே மழை அதிகம் பெய்யும் பக்கம் இது. இங்கிருந்துதான் குழாய் வழியாக கிராந்-தேருக்கும் தண்ணீர் போகிறது. போகிற வழியில் பாதிக்கும் மேல் பழைய குழாய்களின் ஓட்டையில் ஒழுகிவிடுகிறது. வருஷக்கணக்காக ஊர் ஊராக முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். சிதறிக் கிடந்த நிர்வாகத்தை 2021-ல் ஒரே அமைப்பாக்கினார்கள், இன்னும் தீரவில்லை. நாங்கள் இருந்தபோதும் இந்தப் பக்கம் ஒரு நாள் நின்றது. ஆனால் மதாம் வீட்டின் பின்னால் தொட்டியும் மோட்டாரும் போட்டிருக்கிறார். தண்ணீர் நின்ற விஷயமே அவர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீவில் வேறு எங்கே வீடு எடுத்தாலும் தொட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நீச்சல்குளம் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாம் பக்கம்தான் என்னால் மறக்க முடியாதது. வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை இந்தத் தோட்டங்களில் க்ளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பிரான்ஸ் 1990-ல் அதைத் தடை செய்தது. அப்புறமும் மார்தினிக், குவாதலூப் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து 1993 வரை ஓட்டினார்கள். மண்ணில் விழுந்தது நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். வாழைப்பழத்தில் அது ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்கிலும், மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையிலும், ஆற்று மீனிலும், கரையோர நண்டிலும் ஏறும். ரத்தம் எடுத்துச் சோதித்தபோது குவாதலூப்பில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அது உடம்பில் இருந்தது. இந்த மருந்தோடு வேலை செய்த தோட்டத் தொழிலாளிகளுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயைத் தொழில்நோய் என்று அரசு ஏற்றுக்கொண்டதே 2021 டிசம்பரில்தான். யார் பொறுப்பு என்று தொடர்ந்த வழக்கை 2023 ஜனவரியில் புலனாய்வு நீதிபதிகள் கோர்ட் விசாரணைக்கே அனுப்பாமல் முடித்துவிட்டார்கள். இதையெல்லாம் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பாரிசில் விதவிதமாகச் சட்டம் போடும் அதே நாடு, எட்டு மணி நேரம் தள்ளியிருக்கும் தன் மக்களுக்கு மூன்று வருஷம் தனியாக விஷத்தை அனுமதித்திருக்கிறது.

மதாம் இதை வாடகைக்காரர்களிடம் மறைக்கவில்லை. குடும்பத் தோட்டங்களுக்கு அங்கே மண்பரிசோதனை இலவசம். தன் தோட்டத்து மண்ணைக் கொடுத்துப் பார்த்து, முடிவுத்தாளை ஃப்ரிஜ்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார். மேல்மடை மண் மோசம். அங்கே கிழங்கு வகை எதுவும் நடுவதில்லை. சீமைப்பலா, எலுமிச்சை, மாமரம் மட்டும். தக்காளியும் கத்தரியும் கீழே. சேப்பங்கிழங்கும் சேனையும் வேண்டுமென்றால் மண் சோதித்த விவசாயியிடம் வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறார். திண்ணைப் பக்கத்து மரங்களில் பழுத்ததை நாம் பறித்துக்கொள்ளலாம், அதற்குக் காசில்லை.

கடல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக் பக்கக் கரையில் டன் டன்னாக ஒதுங்குகிறது. அழுகினால் அழுகின முட்டை நாற்றம், அந்த வாயு நல்லதுமில்லை. கபெஸ்தேர் கரை அதற்கு நேர் எதிரில். நாங்கள் தங்கியிருந்த வாரம் ரோசோ கடற்கரையில் இறங்கவே முடியவில்லை. வீடு மேலே இருப்பதால் நாற்றம் வராது. குளிக்க வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள், அங்கே பாசி ஒதுங்குவது குறைவு. அல்லது துருவா-ரிவியேர் போய்ப் படகேறி லே சேந்த். அங்கே குளித்த அன்றுதான் என் வீட்டுக்காரர் முகத்தில் லீவுக் களை வந்தது.

சனிக்கிழமை மதாம் ஆட்டுக்கறி கொலம்போ என்ற மசாலாக் குழம்பு செய்து தருவார், சொன்னால் மட்டும். ஆளுக்கு 18 யூரோ. சமைப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டேன், பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்மி கிடந்தது. அத்தை அதைப் பார்த்ததும் என்னிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொத்தமல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம் வறுத்து வைத்திருந்தது; மஞ்சள் தனியாக. அத்தை வெந்தயத்தைக் கிள்ளி எடுத்துக் காட்டி, “இது ஜாஸ்தி, கசக்கும், சொல்லு” என்றார். நான் மொழிபெயர்த்தேன். மதாம் தலையாட்டிக்கொண்டே, தன் பாட்டி போட்ட அளவு இதுதான், குறைக்க மாட்டேன் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், வெந்தயம் குறையவில்லை. கறியை முதலில் எலுமிச்சைச் சாற்றில் கழுவுகிறார்கள். தைம் தழையும் வெங்காயத்தாளும் சேர்க்கிறார்கள், அது நமக்குப் புதுசு. மிளகாய்த் தூள் கிடையாது. மஞ்சள் நிறக் குண்டு மிளகாய் ஒன்றை முழுசாக மேலே மிதக்க விட்டு, வெடிக்காமல் காவல் இருந்து, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும். காரம் இல்லாமல் அதன் வாசனை மட்டும் குழம்பில் நிற்கும். சௌசௌவும் கத்தரிக்காயும் கறியோடு வேகும். சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். கசக்கவில்லை. அத்தையே ஒத்துக்கொண்டார்.

நம் ஆட்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு முதலாளிகளுக்குக் கூலிக்கு ஆள் போதவில்லை. 1854 டிசம்பர் 24-ல் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களை ஏற்றி வந்து புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர். ஒப்பந்தம் ஐந்து வருஷம் என்று பேச்சு. திரும்பினவர்கள் கொஞ்சம்தான், செத்தவர்கள் ஏராளம். தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. அதற்காக 1904-ல் கோர்ட்டுக்குப் போனவர் இதே கபெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம். பத்தொன்பது வருஷம் விடாமல் இழுத்து 1923-ல் ஜெயித்தார். பின்னால் இதே சமூகத்திலிருந்து எர்னஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக இருந்தார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுச் சரித்திரம் பக்கம் பக்கமாகப் படித்தோம், சிதம்பரம் பெயர் ஒரு வரிகூட வந்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்காவது தெரிய வேண்டும்.

வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷத்தில் ஷான்ஜி கோயில், பெரிய ரோட்டு ஓரத்திலேயே. மாரியம்மன் கோயில், மதுரைவீரனும் இருக்கிறார். வண்ணச் சுதைகள், வாசலில் செருப்பை விட்டுப் போக வேண்டும், எல்லாம் நமக்குப் பழகினதுதான். பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார்கள், அர்த்தம் தெரிந்தவர்கள் குறைவு. திருவிழாவில் கிடா வெட்டு உண்டு, வாழையிலையில் சாப்பாடு. இதே ஆட்கள் ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்கும் போவார்கள், அதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. அத்தை கற்பூரம் கொண்டுபோயிருந்தார். அங்கே இருந்த பெரியவர் அதை வாங்கி ஏற்றி, எங்கள் குடும்பத்தார் பெயர்களைக் கேட்டுச் சொல்லிக் கும்பிட்டார். பிரெஞ்சு உச்சரிப்பில் எங்கள் பெயர்களைக் கேட்டு அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றபடி பக்கத்தில் பார்க்க வேண்டியவை: கார்பே அருவிகளில் இரண்டாவது, 110 மீட்டர் உயரம், நல்ல பாதை போட்டிருப்பதால் அத்தையும் நடந்தார். முதலாவது இன்னும் உயரம், அதற்கு முழங்கால் பலம் வேண்டும். சேந்த்-மரியில் 1493 நவம்பர் 4-ல் கொலம்பஸ் இறங்கிய இடம். அலே துமனுவார் என்ற பனைமரச் சாலை. 1895-லிருந்து ஓடும் லோங்குத்தோ ரம் ஆலை. நாங்கள் உள்ளே போகவில்லை. ரோட்டோரம் மரவள்ளி மாவில் கல்லில் சுட்டுத் தரும் கஸாவ் ரொட்டி, உள்ளே தேங்காய் வைத்தது; சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

செலவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சூப்பர்மார்க்கெட் விலை மலைக்க வைக்கும். 2022-ல் அரசு புள்ளிவிவரத் துறை ஒப்பிட்டுப் பார்த்ததில் சாப்பாட்டுச் சாமான் மட்டும் பிரான்சை விட 42 சதவீதம் அதிகம். தயிர், சீஸ், பாஸ்தா, ஷாம்பு எல்லாமே கப்பலில் வருகிறது, வந்து இறங்கியதும் ஒக்த்ருவா தெ மேர் என்ற கடல்வரி. ஊராட்சிகளின் வருமானத்தில் பெரிய பங்கு அந்த வரிதான், அதை நீக்கவும் முடியாது. அரசு ஊழியருக்கு இதை ஈடுகட்டச் சம்பளத்தில் 40 சதவீதம் கூடுதல் கொடுக்கிறார்கள். தோட்டக்கூலிக்கும் கடைப்பெண்ணுக்கும் யார் கொடுப்பது? 2009-ல் விலைவாசிக்காக இந்தத் தீவு 44 நாள் முழு வேலைநிறுத்தம் செய்ததில் ஆச்சரியமே இல்லை. ஆகவே அரிசி, பருப்பு, புளியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். காய்கறியும் மீனும் சந்தையில் வாங்குங்கள். சமையலறையில் குக்கர், பெரிய சட்டி, கூரான கத்தி எல்லாம் இருக்கிறது, இதை ஓட்டலில் தங்கினால் செய்ய முடியாது.

குறைகள். கடைசி முந்நூறு மீட்டர் ஏற்றம் செங்குத்து, மழையில் வழுக்கும். சின்ன என்ஜின் காரை எடுக்காதீர்கள். இன்டர்நெட் மழை பெய்தால் மெதுவாகிவிடும், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குச் சரிவராது. கார்டு வாங்குவதில்லை, முன்கூட்டியே வாடகையை வங்கி வழியாக அனுப்பிவிட வேண்டும். கொசு உண்டு, டெங்கு உண்டு, களிம்பு கட்டாயம். குளியலறைப் படி உயரம். அத்தை வயதுள்ளவர்களுக்குக் கைப்பிடி ஒன்று பொருத்தச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், செய்கிறேன் என்றிருக்கிறார்.

டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் மரியா புயல் இந்த வாழைத் தோட்டங்களைக் கிட்டத்தட்ட முழுசாகச் சாய்த்துவிட்டுப் போனது. கார்னவல் திருவிழா நேரத்தில் ஆறு மாதத்துக்கு முன்பே வீடு போய்விடும். ஆட்டுக்கறி கொலம்போ வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் மதாமிடம் சொல்லிவிடுங்கள், கறிக்காரர் வெள்ளிக்கிழமை காலையில்தான் வெட்டுகிறார்.